நெல்லையிலிருந்து ஒரு பிரெஞ்சுத் தேர்வு: தெஃப் கனடாவை இரண்டு முறை எழுதியதில் கண்டது

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பிரெஞ்சுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் "பாண்டிச்சேரியில வேலை கிடைச்சிருக்கோ?" என்றுதான் விசாரிப்பார். கனடாவில் குடியேற விண்ணப்பிப்பதற்காக என்று விளக்கினால், "அங்க இங்கிலீஷுதான பேசுவாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். இரண்டுக்கும் பதில் சொல்லிச் சலித்து, தேர்வையும் இரண்டு முறை எழுதி, வேண்டிய நிலையை ஒருவழியாக எட்டிவிட்ட பிறகு, தெஃப் கனடா என்னும் இந்தத் தேர்வைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு, கொடுக்கும் பணத்துக்கும் செலவழிக்கும் காலத்துக்கும் அது பெறுமா என்று எழுதிவைக்கலாம் எனத் தோன்றியது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இதற்குத் தயாராகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். சென்னைவாசிகளுக்கு இதில் பாதித் தொல்லை இல்லை.

இந்தத் தேர்வை நாடுவதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மத்திய அரசு எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறையில் வயது, படிப்பு, பணி அனுபவம், மொழித்திறன் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்து விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்துகிறது. இவற்றில் வயதுதான் ஈவிரக்கமற்றது. துணையின்றி விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 புள்ளிகள். அதன் பிறகு 30இல் 105, 31இல் 99, 32இல் 94, 33இல் 88 என்று ஒவ்வொரு பிறந்தநாளும் ஐந்தாறு புள்ளிகளைப் பிடுங்கிக்கொண்டு போகும். எனக்கு 33 முடிந்திருந்தது; ஆங்கிலத்தில் இதற்கு மேல் ஏற்ற இடமில்லை. பிரெஞ்சில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும், கனடாவின் பிரெஞ்சு மொழித்திறன் அளவுகோலான என்சிஎல்சியில் 7ஆம் நிலையை எட்டி, ஆங்கிலத்திலும் நான்கிலும் 5ஆம் நிலைக்குக் குறையாமல் இருப்பவருக்கு 50 கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். அதைவிட முக்கியமானது, பிரெஞ்சு அறிந்தவர்களுக்கென்றே 2023 முதல் தனியாக நடத்தப்படும் அழைப்புச் சுற்றுகள், அதாவது வரிசையில் குறிப்பிட்ட புள்ளிக்கு மேல் இருப்பவர்களை நிரந்தரக் குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்க அழைக்கும் சுற்றுகள். 2024 பிப்ரவரி 1 அன்று அப்படிப்பட்ட சுற்றில் 7,000 பேரை 365 புள்ளிகளுக்கு அழைத்தார்கள். அதே மாதம் 29ஆம் தேதி 2,500 பேருக்கு 336 புள்ளிகளே போதுமானதாக இருந்தன. 2025 மார்ச் 21 அன்று 7,500 பேருக்கு 379. பொதுச் சுற்றுகளோ 2024 முழுவதும் 500க்குக் கீழே இறங்கவே இல்லை. பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்குக்கு வெளியே நிரந்தரமாகக் குடியேறுவோரில் பிரெஞ்சு பேசுவோரின் பங்கை 2027இல் 10 விழுக்காடாக்குவது என்று அந்த அரசு 2024 அக்டோபரில் அறிவித்த திட்டமும் இருப்பதால், இது ஓரிரு மாதத்துக் கூத்தாக முடிந்துவிடாது என்று கணக்குப் போட்டு இறங்கினேன்.

மத்திய அரசின் குடியேற்றத் துறை பிரெஞ்சுக்கு ஏற்றுக்கொள்ளும் தேர்வுகள் இரண்டுதான். ஒன்று, பாரிஸ் வட்டார வணிக, தொழில் சபை நடத்தும் தெஃப் கனடா. மற்றொன்று, பிரான்சின் கல்வி அமைச்சகத்தைச் சார்ந்த அரசு நிறுவனம் நடத்தும் டிசிஎஃப் கனடா. டெல்ஃப், தால்ஃப் ஆகிய பிரெஞ்சு மொழிப் பட்டயங்கள் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும் என்றாலும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு உதவாது. ஆயுள் முழுவதும் செல்லும் சான்றிதழை ஏற்காமல், இரண்டே ஆண்டில் காலாவதியாகும் ஒன்றைக் கேட்பது முதலில் வேடிக்கையாகத் தெரிந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் கற்ற மொழி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறதா என்பதுதான் அவர்களுடைய கவலை என்று யோசித்தபோது, அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருப்பதை என்னை வைத்தே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மேனிலை வகுப்பில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சு எடுத்தவர்களில் நானும் ஒருவர். 200க்கு 189 வாங்கினேன். அந்த 189ஐ வைத்துக்கொண்டு ஒரு பிரெஞ்சுக்காரரிடம் மணி என்ன என்று கேட்டுப் பதிலைப் புரிந்துகொள்ள என்னால் முடிந்திருக்காது. கேட்டல் என்ற ஒன்றே அந்தப் பாடத்தில் எங்களுக்கு நடக்கவில்லை. எனவே, "பிளஸ் டூவில் பிரெஞ்சு படித்தேனே, ஒரு மாதம் தட்டிப் பார்த்தால் போதாதா" என்று நினைப்பவர்கள் அந்த நினைப்பை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். ஏழாம் நிலை என்பது, மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரிக்கும் ஐரோப்பியச் சட்டகத்தின் பி2 நிலைக்கு நிகரானது. அடியிலிருந்து தொடங்குபவருக்கு ஏறத்தாழ 500 முதல் 600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ ஓராண்டு.

இனி பதிவு. தேர்வு மையங்கள் சில தேதிகளைத்தான் அறிவிக்கின்றன. இருக்கைகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். நான் எழுதிய மையத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே காலை பத்து மணிக்குப் பதிவு திறந்தது. பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் நிரப்பி, பணம் கட்டும் பக்கத்தில் வங்கியின் ஓடிபிக்காகக் காத்திருந்த நேரத்தில் "இடங்கள் நிரம்பிவிட்டன" என்ற அறிவிப்பு வந்து நின்றது. அடுத்த மாதம் அதே நாளில், வீட்டு இணையத்தை நம்பாமல், தம்பியின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, விவரங்களையெல்லாம் முன்கூட்டியே கணினியில் ஒரு கோப்பில் தட்டச்சுச் செய்து வைத்துக்கொண்டு நகலெடுத்து ஒட்டிப் பதிவு செய்தேன். கட்டணம் மையத்துக்கு மையம் மாறினாலும் ஐந்திலக்க ரூபாய் என்பது நிச்சயம். ஒரு பிரிவில் மட்டும் குறைந்துவிட்டால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப எழுதிப் பழைய மதிப்பெண்களோடு சேர்த்துக்கொள்ளும் வழி கிடையாது. நான்கும் ஒரே அமர்வில் வந்தவையாக இருக்க வேண்டும், ஆகவே முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்ட வேண்டும்.

கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. திருநெல்வேலியிலிருந்து சென்னை எழும்பூர் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். முதல் முறை நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் இறங்கி, நிலையத்திலேயே முகம் கழுவி, இட்லியை விழுங்கிவிட்டு நேரே தேர்வுக்குப் போனேன். அது பெரிய தவறு. இரவெல்லாம் தண்டவாளம் காதில் தட்டிக்கொண்டிருந்த பிறகு, பாரிஸ் வானொலிக்காரர் ஒருவர் மூச்சு விடாமல் பேசுவதை ஹெட்போனில் கேட்டுப் புரிந்துகொள்வது எப்படி? இரண்டாவது முறை, முந்தைய நாள் காலை வந்தே பாரத்தில் போய், எழும்பூர்ப் பக்கம் அறை எடுத்துத் தங்கி, தூங்கி எழுந்து போனேன். கூடுதலாகச் செலவான தொகையைவிட அந்தத் தூக்கம் பெரிது.

முதலில் வந்தது கேட்டல்: 40 கேள்விகள், 40 நிமிடங்கள். அறிவிப்புகள், தொலைபேசிச் செய்திகள், தெருவில் போகிறவர்களிடம் எடுத்த கருத்துகள், வானொலி உரையாடல்கள் எனப் போகப் போகக் கடினமாகும். ஒலியைப் பின்னோக்கி ஓட்டும் வசதி கிடையாது. ஒரு கேள்வியில் சிக்கி நின்றால் அடுத்தது ஓடிவிடும். தமிழ்க் காதுக்கு இதில் இரண்டு குழிகள் உண்டு. ஒன்று, நம் எழுத்தும் பேச்சும் கண்டுகொள்ளாத ஒலி வேறுபாடுகள். மீனுக்கான பிரெஞ்சுச் சொல்லும் நஞ்சுக்கான பிரெஞ்சுச் சொல்லும் நடுவிலுள்ள ஒரே ஒரு ஸகரத்தால்தான் பிரிகின்றன: மீனில் அது நம்முடைய சாதாரண ஸகரம், நஞ்சில் அது விலங்குக் காட்சிசாலையைக் குறிக்கும் ஆங்கில 'ஜூ'வின் முதலொலி போன்று அதிரும் ஒலி. மீனின் முதலெழுத்தை அதிரச் செய்தால் அதுவே பானம் ஆகிவிடும். நமக்கு மூன்றும் 'புவாஸோன்' என்றே கேட்கும். மற்றொன்று எண்கள். 'சுவாசாந்த்' என்று காதில் விழுந்ததும் மனம் அறுபது என்று குறித்துக்கொள்ளும். அடுத்த நொடி 'பதினாறு' வந்தால் அது எழுபத்தாறு. தொண்ணூற்றொன்பதை 'நாலு இருபது, பத்து, ஒன்பது' என்று சொல்லும் மொழி அது. தொண்ணூறு என்ற நம் சொல்லுக்குள்ளேயே ஒரு நூறு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாயில்லைதான். ஆனால் தேர்வில் விலையும் தொலைபேசி எண்ணும் ரயில் நேரமும் இந்தக் கணக்கில்தான் வரும். நான் ஒரு மாதம் காய்கறி விலைகளையும் பேருந்து எண்களையும் மனத்துக்குள் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே ஜங்ஷனுக்குப் போய் வந்தேன். கேட்டலில் அதைப்போல் உதவியது வேறில்லை.

தமிழருக்கு இயற்கையாகவே கைகொடுக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களைக் கண்டு பலர் மிரளுகிறார்கள். நாம் 'மரம்' என்று எழுதினாலும், பேசும்போது கடைசி மகரத்துக்கு உதட்டை மூடுவதில்லை. அதை மூக்கில் விட்டுவிடுகிறோம். 'வந்தான்', 'அவன்' என்பவற்றின் ஈற்று னகரமும் அப்படித்தான் கரைகிறது. 'நல்லது' என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் இறுதியில் நிற்பது கிட்டத்தட்ட அதே ஒலிதான். ஹிந்திக்காரர்களுக்கும் மலையாளிகளுக்கும் எப்படியோ, நெல்லைப் பேச்சில் வளர்ந்த எனக்கு இது ஒரு நாளில் வசப்பட்டுவிட்டது.

படித்தல் 40 கேள்விகள், 60 நிமிடங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கு நான்கில் எளியது இதுதான். நீண்ட செய்திக் கட்டுரைகளில் நேரம் போவதைத் தவிர இதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

எழுதுதல் 60 நிமிடங்கள், இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் ஒரு நாளிதழ்ச் செய்தியின் தொடக்க வரியைக் கொடுத்து, மீதியைக் குறைந்தது 80 சொற்களில் முடிக்கச் சொல்வார்கள். இரண்டாவதில், நாளிதழில் வந்த ஒரு கருத்தைக் காட்டி, அதைப் பற்றி ஆசிரியருக்கு குறைந்தது 200 சொற்களில் கடிதம். முதலாவதற்கு 25 நிமிடம், இரண்டாவதற்கு 35. செய்தியை முடிக்கும் பகுதியை நம்மவர்கள் கதையாக்கி விடுகிறார்கள். காணாமற்போன பூனை, ஓடிப்போன நாய், கிணற்றில் விழுந்தவரைத் தூக்கிய கிரேன் என்று தினசரிகளின் மாவட்டச் செய்திப் பக்கம் எப்படி எழுதப்படுகிறதோ அப்படி எழுதினால் போதும்: யார், எங்கே, என்ன, பின்பு போலீசார் என்ன சொன்னார்கள். உணர்ச்சிவசப்பட வேண்டியதில்லை. கணினியில் தட்டச்சு செய்வதால் பிரெஞ்சு விசைப்பலகையின் அமைப்பு ஒரு தனித் தலைவலி. நம் விசைப்பலகையில் 'ஏ' இருக்கும் இடத்தில் அதில் 'க்யூ' இருக்கும், 'எம்' வேறு வரிசைக்குப் போயிருக்கும். எந்த விசைப்பலகை என்பதை மையத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டில் அதிலேயே பழகிவிட்டுப் போவது நல்லது. நான் உட்கார்ந்த மேசையில் இரண்டு விசைகளின் எழுத்தே தேய்ந்து அழிந்திருந்தது. கண்காணிப்பாளரிடம் சொன்னேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். ஐந்திலக்கத் தொகை வாங்கிக்கொண்ட இடத்தில் கேட்கக் கூடாத சொல் அது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பேசுதலைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத வந்தேன். முதல் முறை என்னைக் கவிழ்த்ததும் அதுதான். மொத்தம் 15 நிமிடங்கள், தேர்வாளர் ஒருவரோடு நேருக்கு நேர், எல்லாம் பதிவாகும். முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு விளம்பரத்தைத் தருவார்கள். அதைப் பார்த்துத் தொலைபேசியில் அழைப்பது போல, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஏறத்தாழ பத்துக் கேள்விகள் கேட்டு விவரம் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த பத்து நிமிடத்தில் வேறொரு விளம்பரம். இப்போது தேர்வாளர் உங்கள் நண்பர், நீங்கள் அவரை அதில் சேரவோ வாங்கவோ இசைய வைக்க வேண்டும், அவர் ஒன்றன்பின் ஒன்றாக மறுப்புச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

நான் சேர்ந்திருந்த பயிற்சி நிலையம், "மூன்றே மாதத்தில் ஏழாம் நிலை" என்று விளம்பரம் செய்யும் வகையைச் சேர்ந்தது. பேசுதலுக்கு அவர்கள் கொடுத்தது நாற்பது பக்கக் குறிப்பேடு. எந்த விளம்பரம் வந்தாலும் பொருத்திக்கொள்ளத் தக்க பன்னிரண்டு கேள்விகள், எந்த மறுப்பு வந்தாலும் எறியத் தக்க இருபது வாக்கியங்கள். அதை நான் கந்த சஷ்டிக் கவசம் போல மனப்பாடம் செய்தேன். தேர்வில் என் 'நண்பர்', தோட்ட வேலை வகுப்பில் சேரச் சொன்ன என்னிடம், தனக்கு முதுகுவலி என்றார். நான் பதிலாக, சுற்றுச்சூழலைப் பாதுகாப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று பிசகில்லாத பிரெஞ்சில் சொன்னேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, அது சரி, என் முதுகு என்ன ஆவது என்று திரும்பக் கேட்டார். அதற்கு என் குறிப்பேட்டில் வாக்கியம் இல்லை. இது போதாதென்று, வகுப்பில் ஆசிரியரிடம் பேசிப் பழகிய மரியாதைப் பன்மையிலேயே, அதாவது 'வூ' போட்டே, அந்த நண்பரிடம் கடைசிவரை பேசியிருக்கிறேன். நண்பரிடம் 'த்யூ' போட வேண்டும். கூடப் படித்தவனைப் பார்த்து "ஏல, வாரியா?" என்று கேட்பதற்குப் பதிலாக "தாங்கள் எழுந்தருளுகிறீர்களா?" என்று கேட்டதற்குச் சமம் அது. ஆங்கிலத்தை மட்டும் அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதியது. நீயும் நீங்களும் அறிந்த நாம் இதில் தவறுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

ஐந்தாவது வாரத்தில் முடிவு வந்தது. கேட்டல் 7, படித்தல் 8, எழுதுதல் 7, பேசுதல் 6. நான்கிலும் ஏழு இருந்தால்தான் அந்த 50. ஒன்றில் ஆறு என்றால் ஐம்பதும் இல்லை, பிரெஞ்சுச் சுற்றும் இல்லை. எழுத்தையும் பேச்சையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துகிறார்கள் என்பதால் மதிப்பீட்டின் நேர்மையைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தாலும் முதுகுவலி நினைவுக்கு வந்து வாயை அடைத்திருக்கும். ஆனால், சான்றிதழில் எண்ணும் நிலையும் மட்டுமே இருக்கும். எங்கே குறைந்தது, ஏன் குறைந்தது என்று ஒரு வரி விளக்கம்கூட இருக்காது. இவ்வளவு கட்டணத்துக்கு அந்த ஒரு வரியை எதிர்பார்ப்பது தவறில்லை.

எங்கே குறைந்தது என்பதை எனக்குக் காட்டியவர் அப்பா. தங்கையின் திருமணத்துக்கு வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தை விசாரிக்க, ஒரு மாலை, முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியில் பேசினார். நான் அருகில் உட்கார்ந்து அந்தப் பாழாய்ப்போன குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணாச்சி, வணக்கம். வைகாசியில மண்டபம் ஒழிவா இருக்கா? முந்தின நாள் ராத்திரியே சாவி தந்திருவியளா? அப்போ அதுக்குத் தனி வாடகையா? ஒரு பந்திக்கு எத்தன எல போடலாம்? தண்ணி டேங்கு பத்துமா, லாரி சொல்லணுமா? கரண்டு போனா ஜெனரேட்டர் உண்டுல்லா? டீசல் நம்ம கணக்கா, ஒங்க கணக்கா? மாப்பிள்ள வீட்டுக்கு ஏசி ரூம் எத்தன?" நான் எண்ணிக்கொண்டே வந்தேன், நான்கு நிமிடத்தில் பதினோரு கேள்விகள். ஒவ்வொன்றும் முந்தைய பதிலின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. எதையும் அவர் எழுதி வைத்துக்கொண்டு கேட்கவில்லை. தெஃப் தேர்வின் முதல் பகுதி கேட்பது இதைத்தான், இதைத் தவிர வேறெதையும் அல்ல. விளம்பரத்தில் இல்லாதது என்ன, காசு கொடுக்கப் போகிற ஒருவருக்கு எது தெரிய வேண்டும், பதிலைக் கேட்டதும் அடுத்து எது உறுத்தும் என்ற அந்த ஊர்ப்புத்தி. அதற்கு வேண்டிய பிரெஞ்சு பெரிதாக ஒன்றுமில்லை. எவ்வளவு, எப்போது, உண்டா, சேர்த்தா, தனியா, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பவைதான்.

அன்றிரவு குறிப்பேட்டை மூடினேன். மறுநாளிலிருந்து ஊர்த் தாள்களில் வரும் விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டேன்: மனை விற்பனை, நீச்சல் வகுப்பு, கன்னியாகுமரிச் சுற்றுலா வேன். அப்பா எப்படிக் கேட்பாரோ அப்படி முதலில் தமிழில் கேட்டுப் பார்ப்பேன். பிறகு அதே வரிசையில் பிரெஞ்சில். இரண்டாம் பகுதிக்கு மதினியைப் பிடித்தேன். மதினிக்குப் பிரெஞ்சு தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்த நேரம் அது. "ஒரு நாள் போய்க் குளிச்சிட்டு வருவோம் மதினி" என்று தொடங்கினால், கூட்டமாக இருக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும், வேன் வாடகை ஏறிவிட்டது, அண்ணனுக்கு லீவு இல்லை என்று தேர்வாளரே தோற்கும்படி மறுப்புகளை அடுக்குவார். "நீங்க சொல்றதும் சரிதான், ஆனா..." என்று முதலில் இறங்கிக்கொடுத்து, அப்புறம் அவர் சொன்ன அதே காரணத்தைத் திருப்பி விடுவதுதான் அவரிடம் பலிக்கும்: கூட்டம் என்றால் விடியற்காலையில் போகலாம், சளி என்றால் பிள்ளையை ஆச்சியிடம் விட்டுப் போகலாம். உரையாடலை அலைபேசியில் பதிவு செய்து, இரவில் அதைக் கேட்டபடியே என் பக்கத்துப் பேச்சைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்ப்பேன். மதினியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போக மட்டும் கடைசிவரை முடியவில்லை.

இரண்டாவது தேர்வில் எந்த விளம்பரம் வந்தது என்பதை இங்கே சொல்லக் கூடாது, சொல்வதால் பயனும் இல்லை. நண்பர் மறுத்தார், நான் ஒப்புக்கொண்டேன், திருப்பினேன், அவர் சிரித்துவிட்டு இன்னொன்றைச் சொன்னார். வினைச்சொல் வடிவங்களில் குறைந்தது நான்கு இடங்களில் பிழை விட்டது எனக்கே தெரிந்தது. பேசுதல் 8 வந்தது. முதல் முறை பிழையே இல்லாமல் பேசி 6, இரண்டாவது முறை பிழையோடு பேசி 8. இந்த ஒன்றுக்காகவே இந்தத் தேர்வை நல்ல தேர்வு என்பேன். அது அளக்க நினைப்பதைத்தான் அளக்கிறது. மொழியை வைத்துக்கொண்டு ஒரு காரியத்தை முடிக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறது, மனப்பாடத்தைக் கண்டதும் விலக்கி வைத்துவிடுகிறது. பயிற்சி நிலையத்துக்குக் கொடுத்த பணத்தை மட்டும் திரும்ப வாங்க முடியவில்லை. இலக்கணத்தையும் சொற்களையும் அவர்கள் சரியாகவே கற்பித்தார்கள் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். வார்ப்புருவை விற்கும்போதுதான் தவறினார்கள். சேருவதற்கு முன், பாதியில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கும் ஓர் ஆசிரியரோடு வாரம் ஒரு முறையாவது பேச வைப்பார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இல்லை என்றால், குறிப்பேடு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

டிசிஎஃப் கனடாவை நான் எழுதவில்லை. ஆனால் என்னோடு படித்த இருவர் எழுதினார்கள், அதன் அமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். கேட்டலிலும் படித்தலிலும் தலா 39 கேள்விகள், முறையே 35, 60 நிமிடங்கள். எழுதுதலில் மூன்று சிறு பணிகள். பேசுதல் 12 நிமிடம், அதிலும் மூன்று பணிகள். முதலில் தன்னைப் பற்றிப் பேசுவது, பிறகு இரண்டு நிமிடத் தயாரிப்போடு ஒரு உரையாடல், கடைசியில் தயாரிப்பே இல்லாமல் ஒரு கருத்தை நிலைநாட்டுவது. எழுத்திலும் பேச்சிலும் 20க்கு 10 வாங்கினால் ஏழாம் நிலை என்பது கணக்குப் போட எளிதாக இருக்கிறது. நீளமாக ஒன்றை எழுதத் தயங்குபவருக்கு அது ஏற்றது. வாதாடப் பிடித்தவருக்குத் தெஃப். உண்மையில், எந்த மையத்தில் எதற்கு முதலில் இடம் கிடைக்கிறதோ அதுதான் நம் ஊர்க்காரர்களின் தேர்வாக அமையும்.

இவ்வளவுக்கும் பெறுமா என்றால், வயதால் புள்ளி சரிந்துகொண்டிருக்கும், ஆங்கிலத்தில் உச்சத்தைத் தொட்டுவிட்ட, ஓராண்டுக்கு மேல் பொறுமை உள்ளவருக்குப் பெறும். கேட்டலிலும் பேசுதலிலும் பி1 நிலையை உறுதியாகத் தாண்டுமுன் கட்டணத்தைக் கட்ட வேண்டாம். பழகிப் பார்ப்பதற்கு இது விலை மிகுந்த இடம். தேர்வுக்குப் பத்துக்கு எட்டரை கொடுப்பேன். அதைச் சுற்றியுள்ள மையச் சேவைக்கு, எழுத்தழிந்த விசைகளையும் ஓடிபிக் கூத்தையும் நினைத்து, ஐந்து.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒரு கணக்கு. சான்றிதழுக்கு ஆயுள் இரண்டே ஆண்டு.  பெயரைப் பட்டியலில் போடும் நாளில் மட்டுமல்ல, அழைப்பு வந்தபின் முழு விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளிலும் சான்றிதழ் உயிரோடு இருக்க வேண்டும். அதற்குக் கொடுக்கப்படும் அவகாசம் 60 நாள். காவல்துறைச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் அதற்குள் திரட்டியாக வேண்டும் என்பதால், மற்றத் தாள்கள் ஓரளவு தயாரான பின்பே தேர்வுத் தேதியை எடுப்பது உத்தமம். என்னுடைய சான்றிதழில் இன்னும் பதினான்கு மாதம் மீதியிருக்கிறது.